பள்ளிப் பிள்ளைகளின் ஆகாரமும் நமது வயல் வரப்பும்

சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் சம்பா நடவு மும்முரமாக நடக்கும்போது, வீட்டில் அடுப்பு மூட்டும் நேரமே மாறிவிடுவதை நாம் யாவரும் அறிவோம். நடவுக்குப் போகும் தாய் விடியுமுன் எழுந்து புறப்பட்டு விடுகிறாள். நிலமுடைய வீட்டிலும் ஆட்களுக்கு வேண்டியதைப் பார்ப்பதிலேயே காலைப் பொழுது கழிந்து விடுகிறது. ஏழரை மணிக்குப் பஸ் ஏறிச் சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ படிக்கச் செல்லும் பிள்ளை, முதல் நாள் இரவு மீந்த சோற்றில் இரண்டு கைப்பிடி உண்டதோ, ஒரு குவளைத் தேநீரோடு போயிற்றோ, ஒருவரும் கவனிப்பதில்லை. அந்தப் பிள்ளை மறுபடியும் அன்னத்தைக் காண்பது பிற்பகல் ஒரு மணிக்குத்தான். முதல் நாள் இரவு எட்டு மணி முதல் கணக்கிட்டால் பதினேழு மணி நேரம் ஆகிறது. உழவு மாட்டை இவ்வாறு பட்டினி போட்டு ஏரில் பூட்டுவதற்கு நம்மில் ஒருவரும் சம்மதிக்க மாட்டோம்.

விவசாயச் சஞ்சிகையில் பள்ளிப் பிள்ளைகளின் ஆகாரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் வினவக்கூடும். இது வைத்தியர்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் உரிய விஷயம் என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். சில வருஷங்களுக்கு முன் நேர்ந்த ஒரு சம்பவம் அவ்வெண்ணத்தை மாற்றிற்று. அது முழுக்க முழுக்க நமது நஞ்சையைச் சேர்ந்த விஷயமென்று அப்போது அறிந்தேன்.

சிதம்பரம் தாலூக்காவில் ஒரு கிராமம். எனக்கு நன்கு அறிமுகமான ஒரு விவசாயியின் மகள் பதினோராம் வகுப்பில் படித்து வந்தாள். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நின்றிருந்தவள் மயங்கி விழுந்து விட்டாள். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் 8 கிராமுக்குச் சற்று மேலாகவே இருந்தது. அவ்வயதுப் பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறையலாகாது. தகப்பனார் ஏழையல்லர். ஆறு ஏக்கர் நஞ்சையும், இரண்டு பசுக்களும், கொல்லையில் ஒரு கிணறும் உடையவர். சோற்றுக்குத் தம் வீட்டில் என்றும் குறைவு வந்ததில்லை என்று அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மையே. அவ்வீட்டில் குறைந்தது சோறல்ல.

திண்ணையில் அமர்ந்து, அப்பெண் முந்தின வாரம் முழுவதும் உண்டதை அவள் தாயாரிடம் கேட்டு ஒரு தாளில் குறித்தேன். காலையில் பெரும்பாலும் ஒன்றுமில்லை, அல்லது பிஸ்கோத்தும் தேநீரும். மத்தியானம் டப்பாவில் எலுமிச்சஞ் சாதமோ புளிச் சாதமோ, ஓரத்தில் சிறிது உருளைக் கிழங்கு. மாலையில் பஸ் நிலையத்தருகே வாங்கிய வறுவல் பொட்டலம். இரவில் சோறும் ரஸமும், சில நாள் மெல்லிய சாம்பாரும். கீரை அவ்வாரத்தில் ஒரு நாளும் இல்லை. பருப்பு இரண்டு நாள். பால் இரண்டு வேளையும் சொஸைட்டிக்குச் சென்று விட்டது. அந்த வருஷம் பங்குனியில் அவர் நாலு ஏக்கர் தரிசில் உளுந்து எடுத்து, எட்டுக் குவிண்டாலையும் களத்திலேயே வியாபாரிக்கு அளந்து விட்டிருந்தார். வீட்டுக்கென்று ஒரு படியும் நிறுத்தவில்லை. இட்டிலிக்கு வேண்டிய உளுந்தை அந்த அம்மாள் கடையில் கால் கிலோப் பொட்டலமாக வாங்கி வந்தார்.

இது ஒரு வீட்டுக் கதையாக இருந்தால் எழுத வேண்டியதில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நமது ராஜ்யத்தில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்த சோகை உடையவர்கள். ஒரு வகுப்பில் நாற்பது பெண்கள் இருந்தால் இருபது பேருக்கு மேல் இக்குறை இருக்குமென்று கொள்ளலாம். அவர்கள் எல்லோரும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளாக இருக்க முடியாது. சோகையுள்ள பிள்ளைக்குப் படிப்பில் மனம் பதியாது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், எதிலும் உற்சாகமிராது. பெற்றோர் அதைச் சோம்பலென்று கண்டிக்கிறார்கள். அப்பெண் பிற்காலத்தில் தாயாகும்போது அதே குறை பிரசவத்தில் உயிர்ச் சேதத்துக்கும் இடமாகிறது.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, 16 முதல் 18 வயதுவரையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குப் புரதம் 46 கிராமும் இரும்புச் சத்து 32 மில்லிகிராமும் வேண்டும். அவ்வயதுப் பையனுக்குப் புரதம் 55 கிராம், இரும்பு 26 மில்லிகிராம். ஒரு பெண் நாள் முழுவதும் 400 கிராம் அரிசிச் சோறு உண்பதாக வைத்துக் கொள்வோம். அதில் புரதம் ஏறக்குறைய 30 கிராம் கிடைக்கும். ஆனால் தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. ஆகவே அவ்வளவு சோற்றிலும் மூன்று மில்லிகிராமுக்கு அதிகமாகத் தேறாது. வேண்டியதோ 32. எஞ்சியது பருப்பிலும், கீரையிலும், தானியத்திலும், மீனிலும், முட்டையிலுமிருந்து வர வேண்டும். அவை இலையில் இல்லாவிட்டால் மேலும் இரண்டு அகப்பை சோறு போடுவதால் ஒரு பயனும் இல்லை. வயிறு நிறைந்திருப்பதாலேயே இக்குறை கண்ணுக்குத் தெரியாமற் போகிறது.

பிள்ளைகளுக்கு அன்னமிடுவதில் நமது ஜில்லா எவ்விடத்துக்கும் பின்தங்கியதல்ல. வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867-ஆம் வருஷம் மே மாதம் 23-ஆம் நாள் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அதற்கு நிலம் தந்தவர்கள் அவ்வூர்க் குடிகள் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை ஏற்படுத்தித் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் நடத்தினார். உணவும் இருப்பிடமும் இன்றிக் கல்வி நிலைக்காது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். சென்னை நகரசபை 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில், பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமற் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. அப்போது சபைத் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். காமராஜர் முதன் மந்திரியாக இருந்தபோது 1956-இல் மதிய உணவு ராஜ்யமெங்கும் பரவத் தொடங்கிற்று. அதன் முதற் காலத்தில் செலவின் ஒரு பங்கை அரசாங்கமும் மற்றொரு பங்கை ஊராரும் ஏற்றனர். அக்காலத்தில் களத்து நெல்லிலிருந்து பள்ளிக்கென்று அளந்தவர்களின் பேரர்கள் இச்சஞ்சிகையை வாசிப்பவர்களில் பலராக இருக்கலாம். 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984-இல் அது பத்தாம் வகுப்புவரை நீட்டப்பட்டது. முதலில் பதினைந்து நாளைக்கு ஒன்றாக 1989-இல் நுழைந்த முட்டை, 2010 முதல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் கொடுக்கப்படலாயிற்று. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் ராஜ்யம் முழுவதிலுமுள்ள அரசாங்க ஆரம்பப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதில் பிள்ளையொன்றுக்கு அரிசி அல்லது ரவை அல்லது சிறுதானியம் 50 கிராமும், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராமும், காய்கறியும் உண்டு.

இவையெல்லாம் மிக நல்லவை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்று விடுகிறது. மதிய உணவு பத்தாம் வகுப்போடு நின்று விடுகிறது. பையன்களுக்கு எலும்பும் தசையும் வேகமாக வளர்வதும், பெண்களுக்கு மாதந்தோறும் இரத்தம் செலவாகத் தொடங்குவதும் ஆறாம் வகுப்புக்குப் பிறகுதான். 10 முதல் 12 வயதுவரையுள்ள பெண்ணுக்கு 28 மில்லிகிராமாக இருக்கும் இரும்புத் தேவை 16 வயதில் 32 ஆகிறது. ஆகவே உடல் மிகுதியாகக் கேட்கும் வயதில்தான் பள்ளியின் பந்தி மூடப்படுகிறது. பதினொன்று, பன்னிரண்டு வகுப்புப் பிள்ளைகளும், அண்ணாமலைநகருக்கும் கடலூருக்கும் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து கலாசாலையிற் படிப்பவர்களும் வீட்டு ஆகாரத்தையே நம்பியிருக்கிறார்கள். அவ்வீடு நிலமுடைய வீடானால் அப்பொறுப்பு நம்முடையதே.

இனி நமது வயலில் என்ன இருக்கிறதென்று பார்ப்போம்.

முதலாவது உளுந்து. சம்பாவுக்கும் தாளடிக்கும் பின் நெல் தரிசில் உளுந்து எடுப்பது கொள்ளிடக் கரையில் புதிதன்று. நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பாக, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, ஏக்கருக்கு 12 கிலோ விதையை நிற்கும் பயிரினூடே வீச வேண்டும். தை மாதத்தை விட்டு மாசி நடுவுக்குப் போனால் பூக்கும் சமயத்தில் வெயிலில் ஈரம் வற்றிக் காய் பிடிக்காது. ஆடுதுறை 3 இத்தரிசுக்கென்றே தெரிந்தெடுக்கப்பட்ட ரகம். பூக்கும்போது ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் காய்கள் திரண்டு வரும். லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் வீதம், ஏக்கருக்கு நாலு கிலோ உரத்தை முதல் நாள் இரவே ஊற வைத்துத் தெளிந்த நீரை மாத்திரம் எடுத்து, 200 லிட்டராகப் பெருக்கி, மாலை வேளையில் தெளிக்க வேண்டும்.

சமீப காலத்தில் அறுவடை இயந்திரம் வந்தபின் உளுந்து பல இடங்களில் கைவிடப்பட்டு வருகிறது. முளைத்த பயிரைச் சக்கரம் நசுக்கி விடுகிறதென்பது விவசாயிகளின் முறையீடு. இதில் நியாயம் இருக்கிறது. வயல் முழுவதும் முடியாதெனில், கையறுப்புக்கு ஒதுக்கக்கூடிய ஒரு மூலையிலாவது விதையுங்கள் என்று நான் சொல்லி வருகிறேன். ஏன் ஒரு மூலை போதும் என்பதற்குக் கணக்கு இதோ. ஐந்து பேருள்ள குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 30 கிராம் பருப்பு வேண்டுமென்றால், குடும்பத்துக்கு 150 கிராம். வருஷத்துக்கு 55 கிலோ. தரிசு உளுந்து ஏக்கருக்கு 200 கிலோ கண்டாலும், கால் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலம் ஒரு குடும்பத்தின் வருஷப் பருப்பைத் தந்து விடும். எட்டுக் குவிண்டால் எடுத்த நமது நண்பர், அதில் பதினான்கில் ஒரு பங்கை நிறுத்தியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

உளுந்தில் நூற்றுக்கு 23 பங்கு புரதம். அரிசியில் எந்த அமினோ அமிலம் குறைவோ அது உளுந்தில் மிகுதி. உளுந்தில் குறைந்தது அரிசியில் உண்டு. ஆகவே இட்டிலியும், தோசையும், பருப்புச் சாதமும் சேர்க்கையால் சிறப்புப் பெறுகின்றன. தோலோடு அரைப்பது இன்னும் நல்லது. பெண் பருவமடைந்த நாட்களில் உளுந்தங் களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுப்பது நம்மவர் வழக்கம். அதைச் சடங்கு முடிந்ததும் ஏன் நிறுத்தி விடுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. உடம்பின் தேவை சடங்கோடு முடிவதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் காலையில் அக்களியே போதுமான ஆகாரம்; அதைக் கிண்டுவதற்கு இட்டிலிக்கு ஆகும் நேரங்கூட ஆகாது. பையன்களுக்கும் அதைக் கொடுப்பதில் பிழையில்லை.

இரண்டாவது, நாம் மல்லாட்டை என்றழைக்கும் மணிலாக் கொட்டை. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்துப் புன்செய்க்காரர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கு ஏறக்குறைய 25 பங்கு புரதமும், அதைப்போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாக எண்ணெயும் உடையது. ஒரு கைப்பிடி வறுத்த கொட்டையும் ஒரு துண்டு வெல்லமும் மாலைப் பசிக்குப் பொட்டல வறுவலைவிட எவ்வளவோ மேலானவை. ஒரு எச்சரிக்கை மாத்திரம் அவசியம். அறுவடைக் காலத்தில் மழையில் நனைந்து, சரியாக உலராமற் குவித்து வைத்த காயில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முற்றும் நீங்காது. சந்தைக்குப் போகாத சொத்தைக் கொட்டையை வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை இன்றே விட்டுவிட வேண்டும். குலுக்கினால் உள்ளே சலசலவென்று ஒலிக்கும்வரை காயை உலர்த்திப் பிறகே மூட்டை கட்டுக.

கீரையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கொல்லையில் இரண்டு முருங்கை இருந்தால் வருஷம் முழுவதும் கீரைக்குப் பஞ்சமில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் வீசிய தானே புயலில் நமது ஜில்லாவின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பலா மறுபடியும் பலன் தருவதற்கு எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று என்பதைப் பண்ருட்டியார் அறிவர். முருங்கையோ ஒடித்து நட்ட போத்து ஒரே வருஷத்தில் தழைத்து விடுகிறது. அகத்தியும் அப்படியே. அகத்திக் கீரையில் உள்ள சுண்ணாம்புச் சத்து வேறெந்தக் கீரைக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. மாட்டுக்கு ஒடித்துப் போடும் அதை வீட்டுக்கும் ஒரு பிடி கொண்டு வரலாம். சிதம்பரத்துச் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் உலகறிந்தவை. பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் பாலூர் 1, பாலூர் 2 கத்தரிகளும் பலருக்குத் தெரிந்தவையே. கொத்சின் ருசியில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அதிற் பருப்பில்லை என்பதையும் மறக்கலாகாது.

திட்டக்குடி, விருத்தாசலம் தாலூக்காக்களின் கம்பும் கேழ்வரகும் வரகும் நஞ்சைப் பக்கத்தில் இழிவாக எண்ணப்பட்டு வந்தன. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் பத்துகூட இல்லை. கம்பில் இரும்பு 6 மில்லிகிராமுக்கு மேல். எள்ளில் அதைப்போல் இரு மடங்கு. கடற்கரைக் கிராமத்தார்க்குப் பரங்கிப்பேட்டையிலும் கடலூர்த் துறைமுகத்திலும் இறங்கும் நெத்திலியும் மத்தியும் இருக்கின்றன. முள்ளோடு மென்று தின்னக்கூடிய சிறு மீன் எலும்புக்கு மிக ஏற்றது. பெரிய மீனுக்கு விலை அதிகம் என்பதால் சத்தும் அதிகமென்று கொள்வது பிழை.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கும் உடலிற் சேர்வதில்லை. ஆகவே எப்படி உண்கிறோம் என்பதும் முக்கியம். சாப்பாட்டோடு சிறிது எலுமிச்சஞ் சாறோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ இருந்தால் சேரும் அளவு கூடும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம். காலையில் தேநீரும் பிஸ்கோத்துமே ஆகாரம் என்று பழகிய பிள்ளைகளுக்கு இது கசப்பாகவே இருக்கும்.

பழைய சோற்றைப் பற்றிச் சில வார்த்தைகள். அதை வறுமையின் அடையாளமாகக் கருதித் தள்ளிய காலம் போய், இப்போது அதிலே இரும்பு பல மடங்கு பெருகுகிறதென்று அளவுக்கு மீறிப் புகழ்கிறார்கள். இரும்பு ஒரு தாதுப் பொருள். இரவு முழுவதும் நீரில் ஊறுவதால் இல்லாத இரும்பு பிறந்து விடாது. புளிக்கும்போது, தாதுக்களைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாமற் செய்யும் பொருள்கள் சிதைவதால், இருப்பது நன்றாகச் சேரும், அவ்வளவே. ஆயினும் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவதைவிடப் பழைய சோறும், மோரும், ஒரு வெங்காயமும், முன்னாள் இரவே அவித்து வைத்த ஒரு முட்டையோ ஒரு பிடி சுண்டலோ எவ்வளவோ சிறந்தவை. நடவுக் காலத்தில் அடுப்பு மூட்ட நேரமில்லாத வீட்டுக்கு இதைவிட எளிய காலை ஆகாரம் எனக்குத் தெரியவில்லை.

அரிசியிலும் புழுங்கலே மேல். இதற்குத் தமிழர்களே சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவுக்குச் சென்ற நமது தொழிலாளர்கள் புழுங்கலரிசி உண்டார்கள்; அங்கிருந்த சீனத் தொழிலாளர்கள் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்டார்கள். பெரிபெரி என்னும் நோயால் சீனர்கள் ஏராளமாக மடிய, தமிழர்களை அது பெரிதும் அணுகவில்லை. டாக்டர் பிராடன் இதைக் கவனித்து 1907-இல் நூலாக எழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவ விடுதியில் டாக்டர் பிளெச்சர், இருப்போரை இரு பிரிவாக்கி இரு வகை அரிசியும் கொடுத்துப் பார்த்ததில், வெள்ளையரிசி உண்டவர்களிடமே நோய் தோன்றிற்று. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கி விடுவதே காரணம். வெண்மையை விரும்பி மில்லில் மும்முறை தீட்டச் சொல்பவர்களும், சோற்றை வடித்துக் கஞ்சியைத் தொட்டியில் ஊற்றுபவர்களும் இதை எண்ணிப் பார்க்கட்டும். கஞ்சியால் மாடு பயனடைகிறது என்பது சரிதான்.

புழுவைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. வெறுங்காலோடு சேற்றிலும் கொல்லையிலும் நடக்கும் பிள்ளைகளின் பாதத்தின் வழியாகக் கொக்கிப் புழு புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கிறது. அத்தகைய பிள்ளைக்கு எவ்வளவு கீரை ஊட்டினும் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போலாகும். பள்ளிகளில் வருஷத்துக்கு இரு முறை புழு நீக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். வாரந்தோறும் நீல நிற இரும்பு மாத்திரையும் தரப்படுகிறது. இந்த இரும்பு மாத்திரை குமட்டுகிறதென்று பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே எறிவதை உபாத்தியாயர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்து வெறும் வயிற்றில் விழுங்குவதே பெரும்பாலும் அக்குமட்டலுக்குக் காரணம். மத்தியான உணவுக்குப் பின் விழுங்கினால் தொல்லை குறையும்.

கிராம அதிகாரிகளுக்கும் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் இதில் மூன்று காரியங்கள் உண்டு. பள்ளிக்குள்ளும் அதன் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாது என்று 2020-இல் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை விதி செய்திருக்கிறது. அவ்விதி இருப்பதே அநேக ஊர்களில் தெரியாது. ஒரு முறை அளந்து காட்டினாலே கடைக்காரர்கள் பெரும்பாலும் இணங்கி விடுவர். அந்த இடத்தில் சுண்டலும் கொய்யாவும் விற்க அவர்களுக்குத் தடையில்லை. இரண்டாவது, வதந்தி. இரும்பும், ஃபோலிக் அமிலமும், பி12 உயிர்ச்சத்தும் சேர்த்த செறிவூட்டிய அரிசி, 2021-க்குப் பின் பள்ளிகளுக்கும் பங்கீட்டுக் கடைகளுக்கும் வரத் தொடங்கியபோது, சில மணிகள் நீரில் மிதப்பதைக் கண்டு பிளாஸ்டிக் அரிசியென்று பயந்து பலர் பொறுக்கி எறிந்தார்கள். அரிசி மாவோடு சத்தைக் கலந்து மணிபோல் வார்த்து, நூறு மணிக்கு ஒன்றாகச் சேர்ப்பது அம்முறை. மக்கள் எறிந்தது பிள்ளைகளுக்கென்று சேர்த்த சத்தையே. இத்தகைய பயம் எழும்போது நாலு பேர் முன்னிலையில் அவ்வரிசியைச் சமைத்து உண்டு காட்டுவது ஓர் உத்தியோகஸ்தரின் நூறு வார்த்தைக்குச் சமம்.

மூன்றாவது, காய்கறி. மத்திய அரசாங்கத்தின் அளவுப்படி மதிய உணவில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்குக் காய்கறி 50 கிராமும், அதற்கு மேல் எட்டாம் வகுப்புவரை 75 கிராமும் வேண்டும். அமைப்பாளர் கையில் கிடைக்கும் தொகையோ நிர்ணயிக்கப்பட்டது. கார்த்திகை மழையில் கத்தரியும் தக்காளியும் விலையேறினால் சாம்பாரில் காய் மெலிந்து போகிறது. நூறு பிள்ளைகள் உள்ள ஆரம்பப் பள்ளிக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஐந்து கிலோக் காய். ஊரில் பத்து விவசாயிகள் முறை வைத்துக் கொண்டால், ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் வரும். குஜராத்தில் வீட்டு விசேஷ நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் திதி போஜனம் என்ற ஏற்பாடு தோன்றி, இப்போது மற்ற ராஜ்யங்களிலும் அநுமதிக்கப்படுகிறது. நமது பக்கத்தில் காதணி விழாவுக்கும் பூப்பு நீராட்டுக்கும் பந்தல் போட்டுச் செலவழிப்பவர்கள் அன்று பள்ளிக்கு ஒரு கூடை முருங்கைக்காயும் இரண்டு சீப்பு வாழைப்பழமும் அனுப்பினால் பெருமை குறையாது. ஆசிரியரிடமும் அமைப்பாளரிடமும் முன்கூட்டிச் சொல்லியே அனுப்புக. சமைத்த பண்டமாக இன்றிக் காயாகவும் பழமாகவும் இருப்பது நலம்.

நான் மேலே குறித்த விவசாயி அடுத்த பங்குனியில் வியாபாரியின் வண்டி களத்துக்கு வருமுன்பே உளுந்தில் ஒரு மூட்டையை அளந்து உள்ளே எடுத்து வைத்தார். கன்றுள்ள பசுவின் காலைப் பாலில் ஒரு பங்கையும் நிறுத்திக் கொண்டார். பெண்ணுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையும் தொடர்ந்தது. சில மாதத்துக்குப் பின் மறுபடியும் சோதித்ததில் இரத்தம் 11 கிராமைத் தாண்டியிருந்தது. இன்னும் சிறிது வர வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, உளுந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்கில்லை. மாத்திரை நின்ற பிறகும் உளுந்து நிற்கவில்லை என்று அவர் தாயார் சொன்னார்.

வீட்டுக்கு நிறுத்தும் உளுந்தை உடைக்காமல் முழுதாகவே, நன்றாக உலர்த்தி, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மிகாமல் விளக்கெண்ணெய் பிசறி, மூடியுள்ள தகர டின்னில் வைத்தால் வண்டு எளிதில் அணுகாது. தை விதைப்புக்கு வேண்டிய விதையை மார்கழி முதல் வாரத்திலேயே அந்தந்த வட்டாரத்து வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுப் பதிவு செய்து கொள்வது நல்லது. கடைசி வாரத்தில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் ரகம் கலந்த விதையே கிடைக்கிறது.